வெள்ளை 17

ஜூன் 2, திங்கள்

ஓய்வு பெற்றபின் வரும் முதல் திங்கட்கிழமை. காலை எட்டரைக்குச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டேன். ஞாபகம் வந்து மூடினேன். மனைவி சௌந்தரம் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள்.

பெயிண்ட் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் கலர் ஒப்புதல் அதிகாரியாக இருந்தேன். கார்களுக்கு அடிக்கும் பெயிண்ட். கலவை தயாரானதும் ஒரு தகட்டில் அடித்து என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, ‘சரி’ அல்லது ‘சரியில்லை’ என்று எழுதுவேன். கலர் அளக்கும் கருவி ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள். அதன்மேல் தூசி படியாமல் உறை போட்டிருந்தோம்.

கடைசி நாளில் சால்வை போர்த்தினார்கள். வெள்ளைச் சால்வை என்றார்கள். மஞ்சள் என்று எனக்குத் தெரியும். சபையில் சொல்லவில்லை.

வழக்கமாக இரண்டு வருடம் நீட்டிப்பு தருவார்கள். எனக்குத் தரவில்லை. மார்ச் மாதம் அறுநூறு லிட்டர் வெள்ளையை நான் திருப்பியனுப்பியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜூன் 5, வியாழன்

சாம்பாரின் நிறம் பற்றி ஒரு கருத்துச் சொன்னேன். மதியம் ரசம் மட்டும் கிடைத்தது.

ஜூன் 7, சனி

மகள் நித்திலா ஒரு பெட்டியோடு வந்தாள். கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறாள். முப்பத்தொரு வயது. அவளுக்கு வந்த பதினாறு வரன்களை நான் திருப்பியனுப்பியிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி.

“அம்மா போன் பண்ணி அழுகறாங்க. நீங்க அலமாரித் துணியெல்லாம் எடுத்து வெயில்ல வெச்சுப் பாக்கறீங்களாமா?”

“வெளுத்துவிட்டதா என்று பார்த்தேன்.”

“இதைச் செய்யுங்கப்பா. துணிய விட்டுருங்க.”

பெட்டியில் பிளாஸ்டிக் கார் கிட். மோரிஸ் மைனர், இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு, தொண்ணூற்று நாலு பாகங்கள். எத்தனையோ கார் இருக்க இது ஏன் என்று கேட்டேன். கடையில் இதுதான் இருந்தது என்றாள்.

முப்பது வருடத்துக்கு முன் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவருவார். நாலு கார் முடித்தேன். ஐந்தாவதன் முன்பக்க இடது சக்கரத்தை ஒன்றரை வயது நித்திலா விழுங்கினாள். மூன்றாம் நாள் சக்கரம் கிடைத்தது. அனுமதி திரும்பக் கிடைக்கவில்லை. இன்று அந்த நித்திலாவே கிட் வாங்கி வந்திருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கிளையில் காய் போலத் தொங்குகின்றன. வெட்டி எடுத்து, காம்பு இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வெட்டுவதற்கு சௌந்தரத்தின் நகவெட்டி பொருத்தமாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

வழிகாட்டித் தாளை மிகப் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். மையும் குறைவு. எல்லா இடத்திலும் சிக்கனம்.

ஜூன் 13, வெள்ளி

கார் கண்ணாடிக்கான பாகங்கள் தெளிவாக இல்லை. பனி படிந்ததுபோல இருக்கின்றன. பற்பசை தொட்டு மென்மையான துணியால் நாலு நாளாகத் துடைத்தும் பயனில்லை. கம்பெனிக்குப் புகார் எழுதினேன், படங்களுடன்.

ஜூன் 18, புதன்

கம்பெனியிலிருந்து பதில். படங்களில் கண்ணாடி பளிச்சென்று தெரிவதாகவும், இதுவரை அவர்கள் பார்த்ததிலேயே நன்றாக மெருகேற்றப்பட்ட கண்ணாடி இதுதான் என்றும், எந்தப் பற்பசை என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். தப்பிக்கும் உத்தி. பதில் போடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வேட்டிகள் மஞ்சளடிக்கின்றன. சௌந்தரத்திடம் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன்.

“போன மாசமும் கூட்டச் சொன்னீங்க.”

“கூட்டவில்லையே.”

“கூட்டீருக்கறனுங்க.”

“பார்த்தால் தெரியவில்லை.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாட்டிலை எடுத்து என் முன்னாலேயே வாளியில் கவிழ்த்தாள். வேட்டி ஓரளவு சரியாக வந்தது. மாலையில் பால் வாங்கப் போனபோது கடைக்கார தங்கராசு, “ஏனுங்கண்ணா, எதாச்சும் கட்சில சேந்துட்டீங்களா?” என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று புரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நித்திலா ஒரு விஷயம் சொன்னாள். கூட வேலை செய்யும் முகிலன் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள். விவரத்தாள் கொடு, பார்க்கிறேன் என்றேன்.

“இது பெயிண்ட் பேட்ச் இல்லீங்கப்பா. நான் முடிவு பண்ணிட்டேன். நீங்க சந்தோசமா வந்து நின்னாப் போதும்.”

பையனின் அப்பா நாச்சிமுத்து, மோட்டார் பம்ப் தயாரித்தவர். ஒரு பழைய மோரிஸ் மைனர் வைத்திருக்கிறாராம். கடையில் மோரிஸ் மைனர் கிட் மட்டும் இருந்ததும் இவரிடம் மோரிஸ் மைனர் இருப்பதும் தற்செயல் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். மோரிஸுக்கு பேட்டரி போய்விட்டதால் வாடகைக் காரில். நாச்சிமுத்து பருத்த மனிதர். மெதுவாகப் பேசுகிறார். உட்கார்ந்ததும் மேசைமேல் இருந்த பாதிக் காரைப் பார்த்துவிட்டார்.

“அட சாமி! இது நம்ம வண்டீங்களே!”

அவருடைய காரை அவருடைய அப்பா ஓட்டினாராம். தொண்ணூற்றாறில் புதிதாகப் பெயிண்ட் அடித்தபின் வேறு பெயிண்ட் தொட்டதில்லை. வெள்ளை. டப்பாவில் ‘17’ என்று எழுதியிருந்ததாம்.

எனக்குச் சிலிர்த்தது. வெள்ளை 17 எங்கள் தொழிற்சாலையினுடையது. தொண்ணூற்றெட்டில் நிறுத்திவிட்டோம். அதன் ஒவ்வொரு கலவைக்கும் கையெழுத்துப் போட்டவன் நான். அதே வெள்ளையைக் கலந்து இந்தக் காருக்கு அடித்து நிச்சயதார்த்தத்தன்று அவர் கையில் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

“ரொம்பச் சந்தோசமுங்க. ஒருதடவ வூட்டுக்கு வந்து வண்டியப் பாத்துக்கறீங்களா?”

“தேவையில்லைங்க.”

“ஒரு சின்னத் தகடாச்சும் கொடுத்தனுப்பட்டுங்களா? கலரு பாக்க?”

“தகடு வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் கலக்கலாம். எனக்கு அது கண்ணில் இருக்கிறது.”

நித்திலா காபித் தட்டைக் கீழே வைத்தாள். கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

ஜூலை 9, புதன்

அடிச்சட்டம், எஞ்சின், இருக்கைகள் முடிந்தன. ஸ்டியரிங் ஒட்டும்போது பசை சிந்தியது. ஒட்டிய பிறகுதான் இரண்டாவது ஸ்டியரிங் கண்ணில் பட்டது. தொட்டுப் பார்த்தேன். ஒன்றுதான் இருக்கிறது. எல்.இ.டி. விளக்குகளில் இப்படி நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

நித்திலா காலையிலேயே வந்தாள். உள்ளே அம்மாவும் மகளும் பேசியது காதில் விழுந்தது.

“நீ சொல்லு.”

“நீங்க சொல்லுங்கம்மா.”

“முப்பத்திரெண்டு வருசம் அதுலயே பொழச்ச மனுசன்டி. எனக்கு வாய் வரல. நீ படிச்சவ, நீ சொல்லு.”

பிறகு நித்திலா வெளியே வந்து, நிச்சயதார்த்தத்துக்கு முன் கண் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்வரலாமா என்று கேட்டாள். அறுபது வயதில் எல்லோருக்கும் புரை வருமாம், கால் மணி நேர வேலையாம்.

“உங்க கண்ணுல ஏதோ இருக்குதுங்கப்பா. மார்ச்சுல லேப்ல கருவி சரின்னு காட்டுன வெள்ளைய மஞ்சள்னு சொன்னீங்க. நீங்க சரி பண்ணி அனுப்புனத வாங்குனவங்க நீலம்னு திருப்பீட்டாங்க. அப்பவே தெரிஞ்சுதுங்கப்பா.”

வாங்கியவர்களுக்கு வெள்ளை தெரியவில்லை என்று அப்போதே அறிக்கை எழுதியிருக்கிறேன். கருவியை இயக்கிய இளம்பரிதி என்ற இளைஞன் மட்டும் கருவிதான் சரி என்று மூன்று பேர் முன்னால் என்னிடம் சொன்னான். அவனைப் பற்றியும் அறிக்கை எழுதினேன். இப்போது கிடங்கில் டப்பா எண்ணுகிறான். என் கண் தவறு என்றால் அவன் சரி என்றாகிவிடும். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது.

நித்திலாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. காரைப் பார்த்துவிட்டு நீயே சொல்” என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கலவை தொடங்கினேன். வெள்ளையில் ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு காவி, மூன்று சொட்டு நீலம். இதுதான் வெள்ளை 17-ன் கணக்கு. ஐஸ்கிரீம் குச்சியில் தடவி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மஞ்சள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நீலம் ஒன்பது சொட்டு. மஞ்சள்தான். இப்போதைய நீலங்களில் சத்து இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இருபத்தாறு சொட்டு. கிடைத்துவிட்டது! இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு, தகடு இல்லாமல், நினைவிலிருந்து வெள்ளை 17. குச்சியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சௌந்தரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“எப்படி?”

“காபி வெக்கட்டுங்களா?” என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி

மூன்று பூச்சும் முடிந்தது. ஏர் பிரஷ்ஷால் மெல்லிய பூச்சாக அடித்து, காயவிட்டு, இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மறுபடி அடித்து. கை பழையபடி வேலை செய்கிறது. பம்பருக்கும் விளக்கு வளையத்துக்கும் வெள்ளிப் பூச்சு. கதவு இடுக்குகளில் தடித்து நிற்கவில்லை. ஒரு தூசி இல்லை.

நித்திலா வந்து வெகுநேரம் பார்த்தாள்.

“இது என்ன கலருங்கப்பா?”

“வெள்ளை.”

அவள் பம்பரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“சரியாக இல்லையா?”

“வேலை ரொம்ப அழகா இருக்குதுங்கப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சௌந்தரம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். மதியம் தயிர்சாதம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தட்டுகள் பற்றிய பிரச்சினை. நம் பக்கம் பதினோரு தட்டு என்று முடிவாகியிருந்தது. காருக்கு ஒரு தட்டு சேர்ந்ததும் பன்னிரண்டு. இரட்டைப்படை ஆகாது. எனவே பதின்மூன்றாவதாக ஒரு தட்டு. அதில் வைக்க யாருக்கும் எதுவும் தோன்றாததால் சாத்துக்குடி.

காரை வைக்க வேண்டாம் என்று சொல்ல சௌந்தரம் மூன்று முறை வாயெடுத்தாள். மூன்று முறையும் சாத்துக்குடி பற்றிப் பேசி முடித்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நிச்சயதார்த்தம் சிறப்பாக முடிந்தது.

காரை நானே ஏந்திப் போனேன். முன்வரிசையில் பொள்ளாச்சிப் பெரியப்பா எட்டிப் பார்த்து, “நல்ல நீலமுங்க, மாரியம்மன் கோயில் கதவாட்ட” என்றார். சௌந்தரம் அவர் வாயில் ஒரு முழு லட்டை வைத்தாள். அவருக்குச் சர்க்கரை நோய். கண்ணைத்தான் முதலில் பாதிக்கும் என்பார்கள். பாவம்.

நாச்சிமுத்து தட்டைக் கையில் வாங்கினார். அப்படியே நின்றார். மண்டபத்தில் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நித்திலா மேடையில் மாலையின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்போது வாய் உலர்ந்திருந்தது. மின்விசிறி சரியில்லை.

“எப்படிங்க சம்பந்தி?” என்றேன்.

அவர் காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவிடுக்கைப் பார்த்தார். பிறகு சபைக்கே கேட்கும்படி சொன்னார்: “எங்கப்பாவே வந்து எறங்குனாப்புல இருக்குதுங்க. அச்சு அசல் நம்ம வண்டி!”

கை தட்டினார்கள். பெரியப்பா மட்டும் லட்டை மென்றுகொண்டிருந்தார். இளம்பரிதி இங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 3, புதன்

நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தேன். பதினாலாம் தேதி வீட்டுக்கு வந்து காரையும் பொம்மைக் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை என்றேன். மறுமுனையில் சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“வாங்க சம்பந்தி. பதினாலாந்தேதி தானுங்களே? அதுக்கு முன்னால வந்துராதீங்க. வண்டி பட்டறைல நிக்குது. பிரேக்கு.”

செப்டம்பர் 14, ஞாயிறு

போனோம். கார் போர்டிகோவில் நின்றது. அருகே ஒரு ஸ்டூலில் என்னுடைய கார். பெரிய கார் எங்கும் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. சுற்றிலும் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாசனை. மெருகு போட்டதாகச் சொன்னார்.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இம்மி வித்தியாசம் இல்லை. முப்பத்திரண்டு வருட வேலையில் இப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததில்லை. திரும்பி சௌந்தரத்தைப் பார்த்தேன். அவள் அங்கே இருந்த படியில் உட்கார்ந்துவிட்டாள். நாச்சிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் தண்ணி கொடுங்கண்ணா” என்றாள். அவள் யாரையும் அவ்வளவு சீக்கிரம் அண்ணா என்பவள் அல்ல.

வீட்டுக்கு வந்ததும், “அந்த மனுசன் நூறு வருசம் நல்லா இருக்கோணும்” என்றாள். நானும் ஆமோதித்தேன். விருந்து நன்றாக இருந்தது.

செப்டம்பர் 20, சனி

நாச்சிமுத்து போன் செய்தார். அவருக்குக் கண் மங்குகிறதாம். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறதாம்.

“நீங்க கூட வந்தீங்கன்னா தெம்பா இருக்குமுங்க. கண்ணப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?”

பெரிய உடம்புக்காரர்கள் பலரும் கோழைகள். வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஆஸ்பத்திரி போனோம். நாச்சிமுத்துவின் கண்ணில் ஒன்றும் இல்லை என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். வந்தது வீணாக வேண்டாமே என்று அவர் வற்புறுத்தியதால் நானும் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏற்கெனவே என் பெயரில் சீட்டு போட்டு வைத்திருந்தார்கள். நல்ல நிர்வாகம்.

டாக்டர் சின்னப் பெண். விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்த்துவிட்டு, “எத்தன வருசமா இப்படி இருக்குதுங்கய்யா?” என்றாள்.

“எப்படி?”

“ரெண்டு கண்ணுலயும் நல்லா முத்துன புரை. டீ டிகாஷன் வழியா பாக்கற மாதிரி இருக்கும். என்ன வேலை பாத்தீங்க?”

நாச்சிமுத்து கூரையைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். நேரமாகிவிட்டது, எனக்குப் பின்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் வேண்டாம் என்றேன். நாச்சிமுத்து, “சரீங்க, வேண்டாமுங்க” என்றார். பிறகு ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு இளநீர் வாங்கினார். குடித்து முடித்து, வழுக்கையும் தின்று முடித்து, மட்டையைப் போட்டுவிட்டுச் சொன்னார்:

“கல்யாணத்தன்னிக்குப் புள்ள மொகத்த டிகாஷன் வழியாத்தான் பாக்கோணும்னு இருக்குதுங்களா சம்பந்தி?”

வலது கண்ணுக்கு வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 26, வெள்ளி

முடிந்தது. கால் மணி நேரம்கூட இல்லை. கட்டுப் போட்டிருக்கிறது. நான் சொல்ல நித்திலா எழுதுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இடது கண்ணால் நானே எழுதுகிறேன். அதனால்தான் வரி ஏறியிருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

கட்டைப் பிரித்தார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று நிறைய எழுதவில்லை. இன்று வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டரின் கோட்டு வெள்ளை. கோட்டு வெள்ளையாக இருப்பது சாதாரண விஷயம். ஆனால் நான் அப்படி ஒரு வெள்ளையைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போட்டதில் அந்தப் பெண் கேட்ட மற்ற கேள்விகள் காதில் விழவில்லை.

வீட்டுக் கொடியில் எட்டு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. எட்டும் நீலம். லேசான நீலம் அல்ல. இதைக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போயிருக்கிறேன். வங்கிக்குப் போயிருக்கிறேன்.

இடது கண்ணை மூடினால் வேட்டி நீலம். வலது கண்ணை மூடினால் வெள்ளை. ஒரே முகத்தில் இரண்டு ஒப்புதல் அதிகாரிகள். ஒருவருடைய அறிக்கையை மற்றவர் ஏற்கமாட்டார்.

அலமாரியில் மீந்த கலவைப் பாட்டில் இருக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

பாட்டிலில் இருப்பது நீலம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தர்க்கமாக யோசிக்கிறேன். பொம்மைக் காருக்கு அடித்தது இந்தப் பாட்டில். ஆகவே பொம்மைக் கார் நீலம். பதினாலாம் தேதி பொம்மைக் காருக்கும் பெரிய காருக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. பழைய கண்தான். ஆனால் பழைய கண்ணுக்கும் நீலமும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஏதோ ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஆகவே...

சௌந்தரத்தைக் கூப்பிட்டேன். நாச்சிமுத்துவின் கார் என்ன நிறம் என்று கேட்டேன்.

“எப்ப?” என்றாள்.

போதுமான பதில்.

அக்டோபர் 1, புதன்

இளம்பரிதிக்குப் போன் செய்தேன். கருவி சரி, நான்தான் தவறு, மேனேஜருக்கும் எழுதியிருக்கிறேன் என்றேன்.

“தெரியுமுங்க சார்” என்றான். பிறகு, “கண்ணு இப்ப எப்படி இருக்குதுங்க?” என்றான்.

மொத்தப் பேச்சும் நாற்பது வினாடி. தலை குளிக்கக் கூடாது என்பதால் மற்றபடி வேலை எதுவும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கல்யாண மண்டபம் பார்க்கப் போக நாச்சிமுத்து எங்களை அழைக்க வந்தார். மோரிஸ் மைனரில்.

காலை பத்தரை, நல்ல வெயில். கேட் முன்னால் நின்றது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். இடது கண்ணை மூடினேன். மாரியம்மன் கோயில் கதவுதான். பெரியப்பா சொன்னது சரி. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுபது வருடத்துக் கார், ஒரு திருவிழா பொம்மையைப்போல நின்றுகொண்டிருந்தது.

நாச்சிமுத்து முன்கதவைத் திறந்துவிட்டார். கதவின் உள்விளிம்பில், ரப்பருக்கு அடியில், பட்டறைக்காரன் தொடாத இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய பெயிண்ட் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். வெள்ளை 17. என் நினைவில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நினைவில் தவறு இல்லை. அது மட்டும் இங்கே பதிவாகட்டும்.

நிமிர்ந்தேன்.

“எப்பங்க அடிச்சீங்க?”

“எதைங்க?”

“நீலம்.”

அவர் சௌந்தரத்தைப் பார்த்தார். சௌந்தரம் பூச்செடியைப் பார்த்தாள்.

“நீங்க வர்றன்னு போன் பண்ணுனீங்களே, அன்னிக்கு மத்தியானமே பட்டறைல உட்டுட்டனுங்க.”

“எதற்குங்க? பொம்மையை ஒளித்து வைத்திருக்கலாமே. உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.”

“நெனச்சனுங்க. ஷோகேஸ்ல எங்கப்பா போட்டோக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன். எடுக்கப் போனேன். அந்தச் சின்னக் கதவு, அந்த லைட்டு வளையம்... எடுக்க மனசு வரலீங்க. வண்டிய மாத்தறதுதான் சுலுவா இருந்துச்சு.”

முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். தகட்டுக்கு ஏற்றபடி கலவையை மாற்றியவர்கள். கலவைக்கு ஏற்றபடி உலகத்தை மாற்றிய ஆள் இவர் ஒருவர்தான். தெரிந்ததைச் சொன்னேன்.

“பொருத்தம் சரியில்லைங்க சம்பந்தி. நான் கலந்தது இதைவிட நீலம். பாட்டில் வீட்டில் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.”

நாச்சிமுத்து ஒரு கணம் விழித்தார். பிறகு காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கார் ஆடியது.

“பட்டறைக்காரன் நாலு சொட்டு கொறச்சுட்டானுங்க! ‘அண்ணா, இத்தன நீலம் ஊருக்குள்ள ஓட்டுனா மாடு மெரளும்’னு சொன்னான். நீங்க கண்டுபுடிக்க மாட்டீங்கன்னு நெனச்சனுங்க!”

“அன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லையே” என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். சௌந்தரம் பூச்செடியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

வண்டியில் ஏறிக் கிளம்பினோம். சிக்னலில் நின்றபோது நாச்சிமுத்து, “தீபாவளிக்குள்ள மறுபடி வெள்ளையே அடிக்கச் சொல்லிரட்டுங்களா? அந்த உள்பக்கத்தக் காட்டி நீங்களே கலந்து குடுங்க” என்றார்.

பக்கத்தில் நின்ற பேருந்திலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கல்யாணம் முடியட்டுங்க” என்றேன். “அன்றைக்கு இதே வண்டியில்தான் பெண்ணை அழைத்து வர வேண்டும். மண்டபத்து வாசலில் நிறுத்துங்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் இதென்ன நிறம் என்று கேட்பார்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். வாசலில் நின்று நானே சொல்லிக்கொள்கிறேன்.”

“என்னன்னு சொல்லுவீங்க?” பின் இருக்கையிலிருந்து சௌந்தரம் கேட்டாள்.

“நீலம் என்று.”

மண்டபம் பார்த்தோம். ஐந்நூறு பேர் உட்காரலாம். சாப்பாட்டுக் கூடம் தனி. மேனேஜர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைக் காட்டி, “எப்படிங்க வெள்ளை, பளிச்சுனு இருக்குதுங்களா?” என்று என்னிடம் கேட்டார். இடது கண் அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. சௌந்தரத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.